கறுப்புத் தீவுகளில் ஐந்து வாரங்கள்

கலாபாகஸ் தீவுகளுக்குச் சுற்றுலா போகிறவர்கள் புறப்படுவதற்கு முன் ஒரு மனிதரின் வாழ்க்கையையும் வாசித்துவிட்டுப் போவது வழக்கம். பசுபிக் சமுத்திரத்தில், ஈக்குவடோர் நாட்டுக் கரையிலிருந்து ஏறத்தாழ 1000 கிலோமீற்றர் தொலைவில், மத்திய கோட்டின் மேலேயே கிடக்கும் எரிமலைத் தீவுகள் அவை. அங்கு அந்த மனிதர் தங்கியது ஐந்து வாரங்கள்தான். 1835 செப்டெம்பர் 15இல் வந்து ஒக்டோபர் 20இல் போய்விட்டார். பிறகு ஒருநாளும் அங்கு திரும்பவில்லை. அவர் சார்ள்ஸ் டார்வின்.

டார்வினைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னபோது உம்மா கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது. ஆதம் (அலை) அவர்களைப் பற்றி அல்குர்ஆன் சொல்வதை நம்பும் வீட்டுப் பிள்ளை நான். உயர்தர உயிரியலில் ‘கூர்ப்பு’ என்ற பாடத்தைப் படித்துப் பரீட்சையில் விடை எழுதப்போகும் மாணவியும் நான்தான். பாடப்புத்தகத்தில் குருவிகளின் சொண்டுப் படமும் தாடி வைத்த ஒரு முதியவரின் படமும் இருக்கின்றன. அந்த முதியவர் யார் என்று ஒருவரும் சொல்லித் தந்ததில்லை. தெரிந்துகொள்ள விரும்பித்தான் வாசித்தேன். வாசித்ததில் எனக்கு முக்கியமாகப் பட்டவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

1809 பெப்ரவரி 12ஆம் திகதி இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி நகரில் அவர் பிறந்தார். தந்தை ரொபர்ட் டார்வின் பெயர்பெற்ற வைத்தியர், வசதியானவர், உருவத்திலும் பெரியவர். தாய் சுசானா 1817இல் காலமானபோது சார்ள்ஸுக்கு எட்டு வயது. படிப்பில் அவர் கெட்டிக்காரர் அல்லர். கூழாங்கல், பறவை முட்டை, வண்டு என்று சேர்த்துக்கொண்டே இருந்தார். இந்தப் பையன் குடும்பத்துக்கு அவமானம் தேடித் தரப்போகிறான் என்று தந்தை ஒருமுறை கடிந்துகொண்டதை முதுமையிலும் அவர் மறக்கவில்லை.

பதினாறு வயதில் வைத்தியம் படிக்க எடின்பரோவுக்கு அனுப்பினார்கள். மயக்க மருந்து இல்லாத காலம் அது. ஒரு சிறு பிள்ளைக்குச் சத்திரசிகிச்சை நடப்பதைப் பார்க்க நேர்ந்தது. முடியும்வரை நிற்க இயலாமல் வெளியே ஓடியவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. எடின்பரோவில் பட்டம் கிடைக்கவில்லை. ஆனால் ஓர் ஆசிரியர் கிடைத்தார். அவர் பெயர் ஜோன் எட்மன்ஸ்டன். தென் அமெரிக்காவின் கயானாவில் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற கறுப்பினத்தவர். இறந்த பறவையின் தோலை உரித்து, பதப்படுத்தி, பஞ்சு அடைத்துக் கெடாமல் வைக்கும் வேலையில் கைதேர்ந்தவர். டார்வின் கூலி கொடுத்து அவரிடம் அந்த வேலையைக் கற்றார். மழைக்காடுகளைப் பற்றியும் அவர் வாயிலாகக் கேட்டிருக்கக்கூடும். பின்னாளில் கலாபாகஸில் பறவைகளைப் பதப்படுத்திய கை எட்மன்ஸ்டன் பழக்கிய கை. நம் பாடப்புத்தகத்தில் அவர் பெயர் இல்லை.

வைத்தியம் சரிவரவில்லை என்றதும் தந்தை மகனைக் கிறிஸ்தவ மதகுருவாக்க நினைத்துக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார். டார்வின் அதை மறுக்கவில்லை. அந்நாளில் அவருக்கு வேதத்தில் சந்தேகம் எதுவும் இல்லை. கேம்பிரிட்ஜிலும் வண்டுப் பைத்தியம் விடவில்லை. ஒருநாள் மரப்பட்டையை உரித்தபோது இரண்டு அரிய வண்டுகள் அகப்பட, கைக்கொன்றாகப் பிடித்தார். மூன்றாவது ஒன்றும் தெரியவே, ஒரு கையிலிருந்ததை வாய்க்குள் போட்டுக்கொண்டார். அது எரிச்சலான திரவத்தைக் கக்கியது, துப்பவேண்டியதாயிற்று. கடைசியில் இரண்டு வண்டுகள் கைவிட்டுப் போயின. தாவரவியல் பேராசிரியர் ஹென்ஸ்லோ இந்தப் பையனிடம் ஏதோ இருப்பதைக் கண்டு, தினமும் உடன் நடக்க அழைத்துச் சென்றார்.

1831இல் பட்டம் பெற்று வீட்டுக்கு வந்தபோது ஹென்ஸ்லோ மூலம் ஒரு கடிதம் காத்திருந்தது. தென் அமெரிக்கக் கரைகளை அளந்து வரைபடம் தயாரிக்கப் போகும் பீகிள் என்ற கப்பலில், கப்டனுக்குத் துணையாக ஓர் இயற்கை ஆராய்ச்சியாளர் வரலாம் என்றது அது. சம்பளம் இல்லை. தந்தை உடனே மறுத்துவிட்டார். ஆனால் புத்தியுள்ள ஒரு மனிதராவது இதை ஆதரித்தால் சம்மதிப்பேன் என்றும் சொல்லி வைத்தார். டார்வின் தாய்மாமன் ஜோசையா வெட்ஜ்வுட்டிடம் ஓடினார். தந்தையின் எட்டு ஆட்சேபங்களையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். மாமன் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதி அனுப்பினார். தந்தை இணங்கினார். எதிர்த்துக் கத்தவும் இல்லை, சொல்லாமல் ஓடவும் இல்லை. மாமாவை முன்னே விட்டு வாப்பாவிடம் காரியம் சாதிப்பது நம் வீடுகளிலும் நடப்பதுதான்.

கப்டன் ரொபர்ட் பிட்ஸ்ரோய்க்கு டார்வினின் மூக்கு பிடிக்கவில்லை. முகத்தை வைத்துக் குணத்தைச் சொல்லலாம் என்று நம்பியவர் அவர். இப்படிப்பட்ட மூக்குள்ளவனுக்கு உறுதி இராது என்று எண்ணினாராம். எப்படியோ இணங்கிவிட்டார். 1831 டிசெம்பர் 27ஆம் திகதி கப்பல் புறப்பட்டபோது டார்வினுக்கு வயது 22. கப்பலின் நீளம் 27 மீற்றர் அளவுதான். அதற்குள் எழுபதுக்கும் மேற்பட்டோர். அவர் வரைபட மேசைக்கு மேலே தொங்குபடுக்கை கட்டி உறங்கினார். கடல் நோய் அவரை ஐந்து ஆண்டுகளும் விடவில்லை.

பிரேசிலில் இருவருக்கும் பெரிய சண்டை வந்தது. ஒரு பண்ணையார் தன் அடிமைகளைக் கூப்பிட்டு, விடுதலை வேண்டுமா என்று கேட்டாராம். எல்லோரும் வேண்டாம் என்றார்களாம். இதைச் சொல்லி அடிமைத்தனத்தில் பெரிய தீமை இல்லை என்று பிட்ஸ்ரோய் வாதாடினார். எசமானின் முகத்துக்கு முன்னே சொன்ன பதிலுக்கு என்ன மதிப்பு என்று டார்வின் திருப்பிக் கேட்டார். கப்டன் கோபத்தில் இனி ஒரே மேசையில் உண்ண முடியாது என்றார். சில மணி நேரத்தில் அவரே மன்னிப்புக் கேட்டு அனுப்பினார். இந்தச் சம்பவத்தை வாசித்தபோதுதான் எனக்கு டார்வினைப் பிடித்தது.

பிட்ஸ்ரோய் பயணத் தொடக்கத்திலேயே அவருக்கு ஒரு நூலைப் பரிசளித்திருந்தார். சார்ள்ஸ் லயல் எழுதிய புவியியல் நூலின் முதற் பாகம். மலையும் பள்ளத்தாக்கும் ஒரேயடியாக உண்டானவை அல்ல, இன்றும் நம் கண்முன் நடக்கும் சிறு மாற்றங்கள் நீண்ட காலம் சேர்ந்து ஆக்கியவை என்பது அதன் கருத்து. 1835 பெப்ரவரி 20ஆம் திகதி சிலி நாட்டில் பெரும் பூமியதிர்ச்சி ஏற்பட்டது. டார்வின் அப்போது வல்டிவியா அருகே காட்டில் படுத்திருந்தார். பிறகு கொன்செப்சியன் நகரம் இடிந்து கிடந்ததைப் பார்த்தார். கடற்கரைப் பாறைகளில் ஒட்டியிருந்த மட்டிகள் நீருக்கு மேலே உயர்ந்து அழுகிக் கிடந்தன. தரை உண்மையிலேயே எழும்பியிருந்தது. புத்தகத்தில் படித்ததைக் காலுக்குக் கீழேயே கண்ட பின்தான் அவர் கலாபாகஸுக்கு வந்தார். உயிரினங்களைப் பார்ப்பதற்காக அல்ல, எரிமலைகளைப் பார்ப்பதற்காகவே அங்கு போக ஆசைப்பட்டார் என்பது பலருக்குத் தெரியாது.

முதலில் கால்வைத்தது சான் கிறிஸ்டோபல் தீவில். பிடிக்கவில்லை. எங்கும் கறுப்பு எரிமலைக் குழம்பு உறைந்து அலை அலையாய்க் கிடந்தது. இலையற்ற புதர்கள், கள்ளி மரங்கள். சிறு சிறு எரிமலை வாய்கள், இங்கிலாந்தின் இரும்பாலைப் புகைபோக்கிகளை அவருக்கு நினைவூட்டின. சந்தியாகோ தீவில் மணலில் வெப்பமானியை வைத்தபோது 137 பாகை பரனைட்டுக்கு ஏறியது. அதற்கு மேல் காட்ட அந்தக் கருவியில் இடமில்லை. தடித்த சப்பாத்தோடு நடப்பதே சிரமமாக இருந்தது.

ஆனால் அங்கிருந்த உயிரினங்களுக்கு மனிதனைக் கண்டால் பயமில்லை. மரக்கிளையில் இருந்த பருந்தைத் துப்பாக்கி முனையால் தள்ளினார். இராட்சத ஆமைகளின் மேல் ஏறி அமர்ந்து சவாரி செய்ய முயன்று விழுந்தார். கடலில் நீந்திப் பாசி உண்ணும் கறுப்பு இகுவானா ஒன்றை வாலைப் பிடித்துத் தூக்கிக் கடலில் எறிந்தார். அது நேரே நீந்தி அவர் நின்ற இடத்துக்கே வந்தது. மறுபடி எறிந்தார், மறுபடி வந்தது. நிலத்தில் அதற்கு எதிரி இல்லை, கடலில் சுறா உண்டு. ஆகவே ஆபத்து என்றால் கரைக்கு ஓடுவதே அதன் இயல்பாக இருக்கலாம் என்று யோசித்தார். இன்று அங்கு போகிறவர்கள் வழிகாட்டியோடுதான் நடக்கவேண்டும், விலங்குகளுக்கு இரண்டு மீற்றர் தூரம் விடவேண்டும், தொடவே கூடாது. டார்வினை இன்று உள்ளே விடமாட்டார்கள்.

புளோரியானா தீவில் நிக்கலஸ் லோசன் என்ற துணை ஆளுநர் இருந்தார். பேச்சோடு பேச்சாக, ஓர் ஆமையைக் காட்டினால் அது எந்தத் தீவைச் சேர்ந்தது என்று தன்னால் சொல்ல முடியும் என்றார். தீவுக்குத் தீவு ஓட்டின் அமைப்பு வேறு என்பது அதன் பொருள். டார்வின் அதைக் கேட்டார். ஆனால் அப்போது அதை மனதில் எடுக்கவில்லை. ஒன்றையொன்று கண்ணால் காணக்கூடிய தூரத்தில், ஒரே கல்லால் ஆன, ஒரே காலநிலை உள்ள தீவுகளில் வெவ்வேறு வகை ஆமைகள் இருக்கும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

இதன் விளைவு என்னவென்றால், அவர் பிடித்த சிறு குருவிகளை எந்தத் தீவில் பிடித்தார் என்று ஒழுங்காகக் குறித்து வைக்கவில்லை. இரண்டு தீவுகளின் பறவைகள் கலந்துபோயின. பாடசாலை ஆய்வுகூடத்தில் சோதனைக்குழாயில் பெயர் ஒட்டாமல் விட்டு ஏச்சு வாங்கிய எவருக்கும் இது புரியும். ஆமைகளின் கதை இன்னும் மோசம். கப்பலில் முப்பது வரையிலான ஆமைகளை ஏற்றினார்கள், உணவுக்காக. பசுபிக்கைக் கடக்கும் வழியில் இறைச்சியை உண்டுவிட்டு ஓடுகளைக் கடலில் எறிந்தார்கள். லோசன் சொன்னதைச் சோதித்துப் பார்க்க வேண்டிய சான்று அந்த ஓடுகள்தான். டார்வினும் உண்டார்.

ஒரேயொரு பறவையில் மட்டும் விழித்துக்கொண்டார். மொக்கிங் குருவி என்பது அதன் பெயர். இரண்டாவது தீவில் பிடித்தது முதல் தீவில் பிடித்ததைப் போல இல்லை என்று பட்டது. அன்றிலிருந்து அவற்றுக்கு மட்டும் தீவின் பெயரை எழுதிக் கட்டினார்.

1836 ஒக்டோபர் 2ஆம் திகதி பீகிள் இங்கிலாந்து திரும்பியது. இரண்டு ஆண்டுப் பயணம் என்று போனது ஐந்து ஆண்டை நெருங்கிவிட்டது. 1837 ஜனவரியில் பறவைகளை விலங்கியல் சங்கத்திடம் கொடுத்தார். ஜோன் கூல்ட் என்ற பறவை நிபுணர் சில நாட்களிலேயே சொன்ன செய்தி டார்வினைத் திகைக்க வைத்தது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல குடும்பப் பறவைகள் என்று டார்வின் நினைத்திருந்தவை எல்லாம் ஒரே குடும்பத்துப் பின்ச் குருவிகள், சொண்டுதான் வேறு. தடித்த சொண்டு விதை உடைக்க, மெல்லிய சொண்டு பூச்சி பிடிக்க. மொக்கிங் குருவிகளோ மூன்று தனித்தனி இனங்கள்.

அப்போதுதான் எந்தக் குருவி எந்தத் தீவு என்ற கேள்வி பெரிதாயிற்று. அவரிடம் பதில் இல்லை. வெட்கத்தை விட்டு மற்றவர்களிடம் கேட்டார். கப்டன் பிட்ஸ்ரோய் சேர்த்தவற்றில் தீவின் பெயர் இருந்தது. டார்வினின் வேலையாள் சிம்ஸ் கொவிங்டன் தனக்கென்று வைத்திருந்த சில பறவைகளிலும் இருந்தது. சம்பளம் வாங்கும் வேலையாள் ஒழுங்காக எழுதி வைத்திருந்தான், கேம்பிரிட்ஜ் பட்டதாரி வைத்திருக்கவில்லை. அவ்வாண்டு ஜூலையில் டார்வின் ஒரு சிறு குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, இனங்கள் மாறுகின்றனவா என்று இரகசியமாக எழுதத் தொடங்கினார்.

1839 ஜனவரி 29இல் மாமன் ஜோசையாவின் மகள் எம்மாவை மணந்தார். இங்கிருந்துதான் இந்தக் கதை எனக்குக் குருவிகளை விட முக்கியமாகிறது. எம்மா ஆழ்ந்த மார்க்கப் பற்றுள்ளவர். திருமணத்துக்கு முன், தன் சந்தேகங்களை மறைத்துவிடும்படி தந்தை மகனுக்கு ஆலோசனை சொன்னார். டார்வின் மறைக்கவில்லை. எம்மா அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். எதையும் நிரூபித்தால்தான் நம்புவேன் என்ற பழக்கம், நிரூபிக்க முடியாத பெரிய விடயங்களிலும் உங்களைத் தடுத்துவிடுமோ என்ற கவலையும், மறுமையில் நாம் பிரிந்துவிடுவோமோ என்ற அச்சமும் அதில் இருந்தன. டார்வின் அந்தக் கடிதத்தை வாழ்நாள் முழுவதும் வைத்திருந்தார். பலமுறை அதை முத்தமிட்டு அழுததாக அதன் ஓரத்தில் எழுதி வைத்தார். இருவரும் 43 ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தார்கள்.

1842இல் கென்ட் மாவட்டத்தில் டவுன் என்ற கிராமத்து வீட்டுக்குக் குடிபோனார்கள். அவர் பிறகு வெளிநாடு போகவே இல்லை. காரணம் புரியாத நோய் ஒன்று வாந்தியும் நடுக்கமுமாக அவரை வாட்டியது. 1844இல் தன் கருத்தை நீண்ட கட்டுரையாக எழுதி, தான் திடீரென இறந்தால் வெளியிடும்படி 400 பவுண் ஒதுக்கி எம்மாவுக்கே கடிதம் எழுதி வைத்தார். எந்தக் கருத்து தம்மைப் பிரித்துவிடும் என்று எம்மா அஞ்சினாரோ, அதை உலகுக்குக் கொடுக்கும் அமானிதத்தை அவரிடமே ஒப்படைத்தார். எம்மாவும் அதை வாசித்து, விளங்காத இடங்களில் ஓரத்தில் குறிப்பு எழுதினார்.

அதற்குப் பிறகு அவர் எட்டு ஆண்டுகளைப் பாறையிலும் கப்பலடியிலும் ஒட்டிக்கொள்ளும் ஒரு சிறு கடலுயிரை ஆராய்வதில் செலவிட்டார். அதைப் பற்றி வாசிப்பது கடினம், நான் கடந்துவிட்டேன்.

அவர்களுக்குப் பிறந்தவர்கள் பத்துப் பிள்ளைகள். அன்னி என்பவள் மூத்த மகள், தந்தையின் செல்லம். பத்து வயதில் நோயுற்றாள். மோல்வர்ன் என்ற ஊருக்குச் சிகிச்சைக்குக் கொண்டு போனார்கள். எம்மா நிறைமாதக் கர்ப்பிணி, போக முடியவில்லை. டார்வின் மகளின் கட்டில் பக்கத்தில் இருந்துகொண்டு மனைவிக்கு நாளுக்கு நாள் கடிதம் எழுதினார். 1851 ஏப்ரல் 23இல் அன்னி மரணமானாள். அடக்கத்துக்கு நிற்காமல் எம்மாவிடம் திரும்பினார். ஒரு வாரம் கழித்து மகளைப் பற்றிய நினைவுகளைச் சில பக்கங்கள் எழுதினார். அன்னியின் எழுதுபெட்டியை, அவள் சேர்த்து வைத்த சிறு பொருட்களுடன், எம்மா கடைசிவரை பாதுகாத்தார். டார்வினின் மார்க்க நம்பிக்கை அதற்கு முன்பே தேய்ந்துகொண்டிருந்தது. அதன் பிறகு ஞாயிறு தோறும் எம்மாவும் பிள்ளைகளும் தேவாலயத்துக்குள் போக, அவர் வெளியே நடந்துகொண்டிருப்பார். குருவியின் சொண்டு அவரை நம்பிக்கையிலிருந்து விலக்கியது என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பிள்ளையின் கட்டில்தான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். ஸப்ர் செய்வது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அவர் கடவுளை மறுப்பவன் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளவில்லை, தெரியாது என்பதே தன் நிலை என்று முதுமையில் எழுதினார்.

1858 ஜூனில் இன்னோர் எரிமலைத் தீவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இன்றைய இந்தோனேசியாவின் டெர்னாட்டே அது, முஸ்லிம் சுல்தான்கள் ஆண்ட வாசனைத் திரவியத் தீவு. எழுதியவர் அல்பிரட் ரசல் வொலஸ். டார்வின் இருபது ஆண்டுகளாக மேசைக்குள் வைத்திருந்த அதே கருத்தை அவர் தனியே கண்டுபிடித்திருந்தார். (வொலஸுக்குத் துணையாக இருந்தவர் சரவாக்கைச் சேர்ந்த அலி என்ற மலாய் முஸ்லிம் இளைஞர். பறவைகளைப் பிடித்துப் பதப்படுத்தியதில் பெரும் பங்கு அவருடையது. வொலஸின் பெயர் சூட்டப்பட்ட சொர்க்கப் பறவையை முதலில் கொண்டுவந்து காட்டியவரும் அலிதான். டெர்னாட்டேயிலேயே அவர் மணம் முடித்தார்.) டார்வின் கடிதத்தை ஒளித்து வைத்திருக்கலாம், ஒருவருக்கும் தெரிந்திராது. லயலுக்கு அனுப்பி வைத்தார். ஜூலை 1ஆம் திகதி இருவருடைய எழுத்தும் லண்டனில் ஒரே கூட்டத்தில் வாசிக்கப்பட்டன. டார்வின் போகவில்லை. ஒன்றரை வயது மகன் ஸ்கார்லட் காய்ச்சலில் இறந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

1859 நவம்பர் 24இல் இனங்களின் தோற்றம் பற்றிய நூல் 1250 பிரதிகளுடன் வெளிவந்தது. அடுத்த ஆண்டு ஒக்ஸ்பர்டில் நடந்த விவாதத்தில், அந்தக் கப்பலைச் செலுத்திய பிட்ஸ்ரோய் பைபிளைக் கையில் உயர்த்திப் பிடித்து எதிர்த்துப் பேசினார். இவனை நான்தானே கூட்டிப் போனேன் என்ற வேதனை அவருக்கு இருந்திருக்கும். புயலில் மாலுமிகள் சாவதைத் தடுக்க வானிலை முன்னறிவிப்பைத் தொடங்கி வைத்தவரும் இதே பிட்ஸ்ரோய்தான். 1865இல் மனச்சோர்வால் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அவருடைய குடும்பத்துக்காகத் திரட்டிய நிதிக்கு டார்வின் 100 பவுண் கொடுத்தார்.

டார்வின் பின்னாட்களில் உலகெங்கும் கடிதம் எழுதி விபரம் கேட்டார். பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவைட்ஸும் அவருக்குத் தாவரங்களைப் பற்றி எழுதியவர்களில் ஒருவர். 1872இல் வந்த, உணர்ச்சிகளின் வெளிப்பாடு பற்றிய நூலில் இலங்கையில் பிடித்துக் கட்டப்பட்ட யானைகள் கண்ணீர் விட்ட செய்தியும் உண்டு. கடைசி நூல் மண்புழுக்களைப் பற்றியது. 1882 ஏப்ரல் 19ஆம் திகதி எம்மாவின் அருகில் இறந்தார். கிராமத்திலேயே அடக்கம் செய்யப்பட விரும்பியவரை லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கினார்கள்.

எழுதி முடித்ததை உம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அன்னியின் பகுதியில் நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, அந்தத் தாய் பிள்ளையின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவே இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். சரி, மிச்சத்தை வாசி என்றார்.

மிச்சம் சிறிதுதான். புளோரியானா தீவின் ஆமைகள் டார்வின் போய்ச் சில பத்தாண்டுகளுக்குள் அழிந்தன. அவர் பெயர் எழுதிக் கட்டிய மொக்கிங் குருவியும் எலி, பூனைகளால் அந்தத் தீவிலிருந்து மறைந்தது. பக்கத்திலுள்ள சம்பியன், கார்ட்னர் என்ற இரண்டு சின்னஞ்சிறு தீவுகளில் மட்டும் அதன் இனம் எஞ்சியிருக்கிறது. அதைத் திரும்பப் புளோரியானாவில் விடுவது பற்றி ஆராய்ந்தவர்கள், முன்பு அங்கிருந்த பறவை எப்படிப்பட்டது என்று அறிய லண்டன் நூதனசாலைக்குத்தான் போனார்கள். டார்வினும் பிட்ஸ்ரோயும் 1835இல் பிடித்த பறவைகள் அங்கே இருந்தன. தீவின் பெயர் எழுதிய சீட்டோடு.